தூக்கக் கூடாத ஆறு வாரம்

கூட வேலை பார்த்த பெயின்டர்கள் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் ஏணிமேல் நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, உட்கூரைக்குப் பெயின்ட் அடித்தவர். "நான் கொக்குக்கு வாக்கப்பட்டவ" என்று மனைவியும் சிரிப்பாள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பிறகும், கோணிய வாயால் அதே கேலியைச் சொல்வாள்.

மூன்று வருடமாக அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்குவது அவர்தான். வேறு யார் தொட்டாலும் பயந்து உடம்பை விறைத்துக்கொள்வாள்.

ஒரு கட்டத்தில் அவருக்கு வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீரென்று இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "கழுத்தெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குது. பின்கழுத்துல விரல் நகம் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமரா வச்ச குழாயை விட்டு எடுத்துடலாம். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது."

"அப்ப வேணாங்க" என்று எழுந்துவிட்டார்.

எட்டு மாதம் மாத்திரையில் ஓட்டினார். ஒருநாள் காலை, அவளைத் தூக்கும்போது வலது கை சொல்லாமல் கொள்ளாமல் துவண்டது. இருவரும் தரையில் கிடந்தார்கள். அடி பெரிதில்லை. ஆனால் அவள் கேலியில்லாமல் பேசினாள். "போய்ப் பண்ணிக்கோங்க. இல்லேன்னா நான் சாப்பிட மாட்டேன்."

அவள் தங்கை துணைக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கையில் வலியே இல்லை. வீட்டுக்குப் போன் செய்தார்.

"வலி போயிடுச்சுடி."

"கழுத்து இருக்கா?" என்றாள்.

வீடு திரும்பியவரால் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. தங்கை தூக்க வந்தால், "இன்னிக்கு வேணாம்" என்று மனைவி சொல்லத் தொடங்கினாள். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் வாரம் காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி. ஐந்தாம் வாரம், ஒரு மதிய நேரத்தில், மூச்சு நின்றது.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் குனிந்து அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தார்.

"மாமா, நீங்க தூக்கக் கூடாது" என்றாள் தங்கை.

"விடும்மா. வேற ஆள் தொட்டா அவளுக்குப் பயம்."

வார்டு ஆட்கள் ஒதுங்கினார்கள். கை துவளவில்லை. அவள் உடம்பு விறைப்பில்லாமல் அவர் தோளில் சாய்ந்தது.

தங்கை ஊருக்குக் கிளம்பிய அன்று, பையை வாசல் வரை கொண்டுவந்த அவர் சட்டென்று நின்றார். "டாக்டர் சொன்ன அன்னிக்கே பண்ணியிருக்கணும். அப்ப அவ தெம்பா இருந்தா. ஆறு வாரத்தைத் தாங்கியிருப்பா."

"அக்கா ஒரு நாளும் அப்படி நினைக்கல மாமா."

"அவ நினைக்க மாட்டா" என்றார். பையை ஆட்டோவில் வைத்தார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.