அப்பாவின் மோர்ப் பாட்டில்

"உங்க வீட்ல உப்பக் காசு குடுத்து வாங்குறீங்களா, இல்ல தேவனாம்பட்டினம் கடலுக்குப் போயி கொடத்துல மொண்டுக்கிட்டு வர்றீங்களா பாப்பா?"

உத்திராபதி மாமா என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவர் கையில் அப்பாவின் மோர்ப் பாட்டில் இருந்தது. ஒரு வாய் குடித்தவர், முகத்தைச் சுளித்து, மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் மனதுக்குள் வந்துவிடும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலும் இதே கதைதான். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுச் சமையல் என்னுடையது. அம்மா துணிக்கடை வேலைக்குப் போகிறாள்.

அப்பாதான் எனக்காகப் பதில் சொன்னார்.

"ஏன்டா மச்சான், நான் என்னா ஏசி பஸ்ஸா ஓட்டுறேன்? இன்ஜின் சூட்டுல வேர்வையா ஊத்துது. போன உப்ப யாரு திருப்பித் தருவா, நீயா?"

"இப்ப நீ வீட்லதான மச்சான் இருக்க. ஃபேனுக்கு அடியில."

அப்பா பாட்டிலை வாங்கி மீதியைக் குடித்தார்.

அப்பா பெயர் லூயிஸ். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தின் டிரைவர். உத்திராபதி மாமா அதே வண்டியில் கண்டக்டர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்பதால் எனக்கு அவர் மாமா. அவர்கள் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. ஆனாலும் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்தும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் தூக்குகள் போய்வரும்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அப்பா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒன்று நடக்கும். நான் பாட்டிலில் மோர் ஊற்றி வைத்திருப்பேன். அவர் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு சிட்டிகை" என்பார். நான் உப்பு போட்டுக் குலுக்கிக் கொடுப்பேன். எவ்வளவு போட்டு வைத்தாலும் அந்தச் சிட்டிகையைக் கேட்காமல் அவர் படி இறங்கியதில்லை.

மாசி தொடக்கத்தில் ஒருநாள் அவர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி விழுந்தார். வண்டியை ஒழுங்காக நிறுத்தி, ஆட்களை எல்லாம் இறக்கி, சாவியைக் கழற்றிய பிறகுதான் விழுந்தார் என்று மாமா எங்களிடம் சொன்னார். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்ணெய், கறி, உப்பு எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி, காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். பிரஷர் இறங்கும்வரை பஸ் ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வண்டி முதலாளியும் அதையே சொன்னார். டாக்டர் சரி என்றால்தான் இனி சீட்டில் உட்காரலாம்.

அப்பாவுக்குத் தலைசுற்றல்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த சீட்தான் பெரிது. எனக்கும் அம்மாவுக்கும் அவர் மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்பதுதான்.

கொஞ்ச நாளிலேயே திருநீற்றுப் புதன் வந்தது. அன்றிலிருந்து ஈஸ்டர்வரை தவக்காலம்; அது முழுக்க எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. "பாத்தியா, டாக்டரு சொன்னதும் சாமி சொல்றதும் ஒண்ணா வந்துருச்சு" என்றார் அப்பா. முட்டையையும் விட்டார். வடை, போண்டாவை விட்டார். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவார். தெருமுனையில் திரும்பும்போது தன்னை அறியாமல் வலது கையை வெளியே நீட்டுவார். பின்னால் வரும் பால்காரர், "போங்க டிரைவர், வழி விட்டாச்சு" என்பார்.

கறி இல்லாத வீட்டில் தினமும் எதை வைத்துச் சாப்பிடுவது? வழக்கப்படி கருவாடுதான். அம்மா தவக்காலத்துக்கென்று பானை நிறைய வாங்கி வைத்திருந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வாளைக் கருவாடு வறுவல், பழையதுக்குச் சுட்ட கருவாடு. ஊறுகாய், மோர்மிளகாய். எதுவும் கடைப் பாக்கெட் இல்லை. எல்லாம் வெயிலில் காய்ந்தது, வீட்டில் போட்டது. நல்ல சாப்பாடு சாப்பிடுகிறோம் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம்; அதிலிருந்த உப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மருந்துக்கடையில் பார்த்தபோது பிரஷர் அப்படியே நின்றிருந்தது.

"இதுக்கு மேல நான் என்னாத்த விடுறது? மூச்சையா?" என்றார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் உத்திராபதி மாமா, சேத்தியாத்தோப்பிலிருந்து புடலங்காயும் கொத்தவரங்காயும் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் தாகத்துக்கு அந்த மோரைக் குடித்து, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அவர் போன பிறகு நான் பாட்டிலைக் கழுவினேன். அடியில் கரையாத உப்பு கொஞ்சம் தங்கியிருந்தது.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. "கடலூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா?" என்று அம்மா கேட்டாள். அப்பாவுக்குத் தன் வண்டியில் சிதம்பரம் போய்வர அது ஒரு சாக்கு. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூடப் போனேன்.

முன் சீட்டில் உட்கார்ந்தோம். வேறு டிரைவர் ஓட்டினார். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தபோது அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. வெள்ளாற்றுப் பாலத்தில் கியர் மாற்றும் இடத்தில் அவர் இடது கை முழங்காலிலிருந்து எழும்பித் திரும்பப் படுத்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அருள்மொழி என்கிற நர்ஸ் பிரஷர் பார்த்தார். பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார்.

"எறங்கலயே சார். மாத்திரை போடுறீங்களா?"

"ஒரு வேள தப்புனது இல்லம்மா."

"சாப்பாடு?"

"கறியத் தொடுறது இல்ல. எங்களுக்குத் தவக்காலம். முட்ட கெடையாது. பலகாரம் கெடையாது. காலையில வாக்கிங். வேணும்னா பொண்ணக் கேளுங்க."

என்னைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வகுப்பில் எழுந்து நிற்பதுபோலவே இருந்தது. ஆனால் இங்கே நான் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டால் விழப்போவது அப்பா.

"கருவாடு" என்றேன்.

"என்னாம்மா?"

"கறிக்குப் பதிலா தெனமும் கருவாடு. ஊறுகா. மோர்ல உப்பு ஜாஸ்தி." எவ்வளவு என்று சொல்ல வரவில்லை. கையைக் குழித்துக் காட்டினேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னா சார், ஆட்ட எறக்கி விட்டுட்டு உப்பு மூட்டைய ஏத்திக்கிட்டு வந்துருக்கீங்க?"

"கருவாடு மீனுதானம்மா? மீன் சாப்புடலாம்னு டாக்டரே சொன்னாரு."

"மீன் சாப்புடுங்க. உப்புல ஊறுன மீன் வேற சார்."

"எல்லாம் இயற்கைம்மா. ஒரு கெமிக்கல் கெடையாது."

"உப்பும் இயற்கைதான் சார். இந்த மாத்திரை ஒரு பக்கம் எறக்குது, நீங்க ஒரு பக்கம் ஏத்துறீங்க."

"அப்ப வேர்வையில போறது?"

"அதுக்குத் தண்ணி குடிங்க. சாப்பாட்டுல இருக்குற உப்பே உங்களுக்குப் போதும்."

டாக்டரும் அதையே சொன்னார். மாத்திரையை நிறுத்தாமல், உப்பை மட்டும் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா என்னிடம் பேசவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் அவர் மோரைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்ற கோபம். ஆனால் புதுச்சத்திரம் பக்கம் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டபோது, நான் முன்னால் மோதிவிடாமல் அவர் கை என் குறுக்கே வந்து நின்றது. என் முகத்தைப் பார்க்காமலேயே கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அம்மா கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்து வரும்போது சங்கராவோ மத்தியோ பச்சை மீனாக வாங்கி வந்தாள். சமையல் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. முதலில் வெறுமனே உப்பைக் குறைத்தேன். வாயில் வைக்க விளங்கவில்லை. பிறகு புளிப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை என்று தெரிந்தது. மீனில் மிளகும் பூண்டும் அரைத்துத் தடவினேன். முருங்கைக்கீரையில் தேங்காயும் சீரகமும் சேர்த்தேன். ரசத்தை இறக்கிவிட்டு எலுமிச்சை பிழிந்தேன்.

அப்பா சாப்பிட உட்காரும்போது உப்பு ஜாடி இருந்த பக்கம் கை போகும். ஜாடி அலமாரிக்குப் போய்விட்டது.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தாக்கூட இத விட ருசியாப் போடுவாங்க."

"அங்க போயி படுக்காம இருக்கத்தான் இந்தப் பாடு" என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூசைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தோம். புடலங்காய்க் கூட்டை ஒரு கவளம் வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நோயாளி சாப்பாடு" என்று சொல்லி வாசலுக்குப் போனார். நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். அப்போதுதான் எங்கள் தட்டுகளைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதே கூட்டு, அதே ரசம். அவருக்கென்று தனிப் பாத்திரம் நான் வைத்ததே இல்லை.

"உனக்கு என்னா பிரஷரா? நீ எதுக்கு இதத் தின்னுற?"

நான் இன்னும் கொஞ்சம் கூட்டை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். தட்டை இழுத்தார். மீதியைச் சாப்பிட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. கை கழுவும்போது மட்டும் சொன்னார்: "சீட்ல உக்கார்ற வரைக்கும்தான் இந்த நோம்பு. உக்காந்த அன்னிக்குப் பழைய மோருதான். இப்பவே சொல்லிட்டேன்."

அதை உத்திராபதி மாமாவிடம் போனிலும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு ஆசைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டன. அவர் சீக்கிரம் வண்டி ஏற வேண்டும். ஏறினால் பழைய மோருக்குப் போய்விடுவார்.

ஈஸ்டர் வந்தது. அம்மா தன் பழைய கைப்பக்குவத்தில் கறிக்குழம்பு வைத்தாள். அப்பா ஆசையாகத்தான் சாப்பிட்டார். பிறகு சாயந்திரம்வரை எழுந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். உப்பு தூக்கல் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் பிரஷர் இறங்கியிருந்தது. "ஓட்டலாம். மாத்திரையும் சாப்பாடும் இப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர். நர்ஸ் அருள்மொழி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முதல் டிரிப்புக்கு அப்பா கிளம்பிய காலையில் நான் அவருக்கு முன்பே எழுந்துவிட்டேன். மாங்காய்த் துண்டும் இஞ்சியும் நசுக்கி, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டு மோர் கலக்கினேன். உப்பு போடவில்லை. பாட்டிலில் ஊற்றி மேஜைமேல் வைத்தேன். பிறகு அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து, மூடியைத் திறந்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளித்து வைத்தால் வழியில் ஏதாவது டீக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வார். வண்டியில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க முடியாது.

அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாதா படத்தின் முன் நின்று சிலுவை வரைந்துகொண்டார். மேஜைக்கு வந்து பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அதை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். ஜாடியைப் பார்த்தார். நான் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்த வார்த்தைக்காக.

வெளியே உத்திராபதி மாமாவின் பைக் ஹாரன் கேட்டது.

அப்பா இன்னொரு வாய் குடித்தார். மூடியை இறுக்கித் திருகிப் பாட்டிலைப் பையில் வைத்தார். என் தலைமேல் ஒரு கணம் கையை வைத்து எடுத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தச் சிட்டிகையைக் கேட்காமலேயே படி இறங்கிப் போனார்.