காட்டூர் வயலில் நான்கு இடங்கள்

வைஷ்ணவி சுற்றுச்சூழல் பொறியியலில் சேர்ந்தபோது குப்பத்தில் யாருக்கும் அது என்ன படிப்பென்று விளங்கவில்லை.

"அத்த படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" என்று அம்மா குப்பம்மா கேட்டாள்.

"எனக்கு ஒரு வேலை பாக்கி கீதும்மா" என்றாள் வைஷ்ணவி.

அவள் பத்தாவது படித்த வருடம், இறால் பண்ணை ஒன்றுக்காக ஆய்வு செய்யக் கோதண்டம் என்ற ஆலோசகர் பழவேற்காடு ஏரிக்கு வந்தார். அவள் அப்பா லோகநாதனின் படகில் ஏரிக் கால்வாயில் அரைமணி நேரம் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வந்த அறிக்கையில், 'இந்தக் கால்வாயில் பல வருடங்களாக இறால் இல்லை என உள்ளூர் மீனவர் லோகநாதன் தெரிவித்தார்' என்றிருந்தது. அதைக் காட்டிப் பண்ணைக்காரர்கள் கால்வாயைக் கரை போட்டு அடைத்தார்கள்.

லோகநாதன் அப்படிச் சொல்லவே இல்லை. ஊர் நம்பவில்லை. "ஏரிய வித்தவனுக்கு இனிமே பாடு கெடையாது" என்றார் ஊர்த் தலைவர் மூர்த்தி. பாடு என்பது ஏரியில் முறைவைத்து வலைபோடும் உரிமை. அது போனதும் லோகநாதன் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்கில் காவலாளியானார்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வைஷ்ணவி அந்தக் கால்வாயையே எடுத்தாள். மாதாமாதம் கரையின் இருபுறமும் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தண்ணீரின் உப்பை அளந்தாள். இறால் குஞ்சுகளைச் சலித்து எண்ணினாள். கோதண்டம் சோதனைக்குத் தண்ணீர் எடுத்ததாக அறிக்கையில் எழுதியிருந்த ஆறு இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தாள். நான்கு இடங்கள் காட்டூர் நெல்வயலில் விழுந்தன.

பேராசிரியை எப்சிபா, "இத இப்பவே எழுதி அனுப்பலாமே" என்றார்.

"வேணாம் மேடம். அவரு அல்லார் எதிர்லயும் வந்து உக்காரட்டும்."

பண்ணையை விரிவாக்க, பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பண்ணையின் ஆலோசகராகக் கோதண்டம் மேடையில் இருந்தார். வைஷ்ணவி மைக்கை வாங்கினாள்.

"ஆறு எடத்துலயும் நீங்களே தண்ணி எடுத்தீங்களா சார்?"

"நானேதாம்மா எடுத்தேன்."

அவள் வரைபடத்தைத் திரையில் போட்டாள். "நாலு எடம் காட்டூர் வயலு. நெல்லுக்குள்ள இறால் இல்லன்னு எழுதனது சரிதான் சார்."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்க நைனா மூணாவது வரிசைல கீறாரு. அவரு மூஞ்சப் பாத்து சொல்லுங்க. இறால் இல்லன்னு சொன்னாரா?"

கோதண்டம் மேசையையே பார்த்தார். "ஞாபகம் இல்லை" என்றார். கூட்டத்தை நடத்திய அதிகாரி அதை ரத்து செய்தார்.

வெளியே கோதண்டம் அவளிடம் வந்தார். "பாப்பா, இது மேல போனா என் லைசென்ஸ் போயிடும்."

"போவட்டும் சார்."

மூன்று மாதத்தில் போனது. அவள் குறித்துக்கொடுத்த இடத்தில் அதிகாரிகள் கரையை வெட்டிக் கால்வாயைத் திறந்தார்கள்.

பாடு உரிமையைத் திருப்பித் தருவதாகச் சொல்ல மூர்த்தி வீட்டுக்கு வந்தார். லோகநாதன் சரியென்று தலையசைக்கப் போனார். வைஷ்ணவி குறுக்கே வந்தாள்.

"இங்க வேணாம் பெரிப்பா. கோயிலாண்ட ஊரக் கூட்டி, எங்க நைனா பேரச் சொல்லி மன்னிப்பு கேளுங்க."

"வுடும்மா, பெரியவரு" என்றார் லோகநாதன்.

அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மூர்த்தி பேசத் தொடங்கியதும் லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வைஷ்ணவி முன்னால் போய் நின்று, மூர்த்தியின் குரல் தடுமாறிய ஒவ்வொரு இடத்தையும் ஆசைதீரக் கேட்டாள்.