நடுவில் நின்றவனின் குரல்

படத்தைச் சுருக்கினாலும் குரலைச் சுருக்கக் கூடாது என்பது மெத்துவா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அரோராங்கி ஊர்க்காரர்கள் பழைய வீடியோ நாடாக்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். கல்யாணம், சாவு, பையன்களின் முடிவெட்டுச் சடங்கு. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிற அளவுக்குச் சிறிதாக்கித் தருவாள். தீவின் இணையம் மந்தம்; எதையாவது குறைத்தே ஆக வேண்டும். முகம் கொஞ்சம் மங்கினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. குரல் தகரம்போல ஒலித்தால்தான் திரும்பி வருவார்கள்.

இந்த முறை நாடா அவளுடையது.

அவள் மகன் தாவிதாவின் முடிவெட்டுச் சடங்கு அது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடியைக் கத்தை கத்தையாகப் பிரித்து, ரிப்பன் கட்டி, பையனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வோர் உறவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவரவர் வந்து தம் பங்குக் கத்தையை வெட்டிக்கொண்டார்கள். துவாயினே என்ற பெயர் வந்தபோது யாரும் எழவில்லை. மெத்துவாவின் அக்கா அவள்; அப்போதே மெல்பர்னில் இருந்தாள். கடற்கரையோரத் துண்டு நிலத்துக்காக அண்ணன் நூரோவா மேல் வழக்குப் போட்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

கூட்டம் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்க, நூரோவா எழுந்து வந்தான். துவாயினேயின் கத்தையைத் தானே வெட்டினான். அதைக் கையில் பிடித்தபடி, கேமராவைப் பார்த்து அவளோடு பேசினான்.

மறுநாள் காலையில் மெத்துவாவிடம் வந்து, "அந்த நாடாவ அவளுக்கு அனுப்பாத. குடிச்சிட்டு ஒளறிட்டேன்" என்றான். அவளும் அனுப்பவில்லை. சில வருஷங்களில் அவன் இறந்துபோனான். போனவனின் பேச்சை இனி அனுப்பி என்ன என்று நாடா அலமாரியிலேயே கிடந்தது.

இப்போது துவாயினே மெல்பர்னில், இனி வீடு திரும்பாதவர்களுக்கான வார்டில் படுத்திருக்கிறாள். போன வாரம் தொலைபேசியில் மெத்துவா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணன் உன்கிட்ட பேசியிருக்காருக்கா. நாடாவுல இருக்கு."

"உன்கிட்ட ஒரு பழக்கம் உண்டு, மெத்துவா. கிறிஸ்துமஸ் வந்தா 'அண்ணன் உன்ன விசாரிச்சார்'னு சொல்லுவ. அவன் விசாரிச்சானா? நீயாத்தான சொன்ன?"

மெத்துவா தானாகத்தான் சொல்லியிருந்தாள். இந்தப் பக்கமும் அப்படித்தான். அக்கா உன்னைக் கேட்டாள் என்று அண்ணனிடமும் சொல்லியிருக்கிறாள்.

"அனுப்பு. அவன் வாயால கேட்டா நம்புறேன்" என்றாள் துவாயினே.

மெத்துவா அந்த நாடாவுக்குச் செய்ததைப் போல வேறு எதற்கும் செய்ததில்லை. படத்தைக் கை கூசாமல் குறைத்தாள். மிச்சமான இடத்தையெல்லாம் ஒலிக்குக் கொடுத்தாள். இடம் வலம் என இரண்டு தடங்களையும் அப்படியே விட்டு, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை வைத்தாள். ஹெட்போன் போட்டுக் கேட்டபோது சேவல் கூவுவதும், பெண்கள் இலை விசிறியால் விசிறிக்கொள்வதும்கூடத் தெரிந்தன. அண்ணனின் குரல் மட்டும் எதிரில் நில்லாமல் பிடரிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருந்தது. பழைய நாடா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பகல் முழுக்கக் கோப்பு மெதுவாக ஏறியது.

அக்காவின் மகள் பாயேருதான் கூப்பிட்டாள்.

"சித்தி, வீடியோவுல மாமா குரலே இல்ல."

"என்னடி சொல்ற? நான் கேட்டேனே."

"சேவல் கூவுது, ஜனங்க சிரிக்கிறாங்க, எல்லாம் கேக்குது. மாமா வாய் அசையுது, சத்தம் இல்ல. ஏதோ பூச்சி மாதிரி சன்னமா ஒரு சீறல், அவ்வளவுதான். என் போன்லதான் போட்டேன், படுக்கைல வச்சு. மூணு தடவ போட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. 'பாத்தியா, செத்தும் என்கூடப் பேச மாட்டேங்கறான்'னாங்க. அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க."

மெத்துவா கோப்பை மறுபடி திறந்தாள். காதுக்கு ஒரு தடமாக ஒலிக்கும் ஹெட்போனில் அண்ணன் பேசினான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் கைப்பேசியில் போட்டாள். அதில் ஒரே ஒரு ஒலிபெருக்கிதான். இரண்டு தடங்களையும் அது ஒன்றாகக் கூட்டித்தான் ஒலிக்கும். அண்ணன் ஊமையானான்.

இரண்டு தடங்களின் அலைகளையும் திரையில் பெரிதாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். நூரோவா பேசும் இடத்தில், மேலே உள்ளது எழும்போதெல்லாம் கீழே உள்ளது இறங்கியது. கூட்டினால் ஒன்றுமில்லை. சடங்கன்று நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைக் நிறுத்தியிருந்தார்கள். அறுந்து கிடந்த ஒன்றின் கம்பியை அன்று காலை பற்றவைத்துக் கொடுத்தவன் நூரோவாதான். கம்பிகளை மாற்றி வைத்திருக்கிறான். ஓரத்தில் இருந்தவர்கள் ஒரு மைக்குக்குப் பக்கத்திலும் மற்றதற்குத் தள்ளியும் இருந்ததால் பிழைத்துக்கொண்டார்கள். சரியாக நடுவில் நின்றவன் மட்டும் தன்னையே அழித்துக்கொண்டான்.

கஞ்சத்தனமாக ஒற்றைத் தடமாகச் சுருக்கியிருந்தால் அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். தரம் தரம் என்று பார்த்ததில் தெரியாமல் போயிற்று.

உடனே மெல்பர்னுக்குக் கூப்பிட்டாள். பாயேரு போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"அக்கா, தப்பு மைக் கம்பில. அண்ணன் பேசியிருக்கார். சரி பண்ணி அனுப்புறேன்."

"கம்பியா?" துவாயினேயின் குரல் காற்றாக வந்தது. "இப்ப கம்பி மேல பழியா? எப்பப் பாரு அவனுக்கு ஒரு சாக்கு வச்சிருப்ப."

"சத்தியமா அக்கா."

"விடு மெத்துவா. ரெண்டு பேருக்கு நடுவுல ஓடி ஓடி நீயும் களைச்சுப் போயிருப்ப. போதும்."

"ஒரே ஒரு தடவ கேளு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரி, அனுப்பித் தொல. உன் வாய மூடவாவது கேக்கறேன்."

ஒரு தடத்தைத் தலைகீழாகத் திருப்புவது ஒரு சொடுக்கு வேலை. படத்தை விட்டுவிட்டு, அண்ணன் பேசும் பகுதியின் ஒலியை மட்டும் வெட்டி எடுத்தாள். இந்த முறை முதலில் கைப்பேசியில் போட்டுப் பார்த்தாள். நூரோவா அறை நிறையப் பேசினான். அழக்கூட நிற்காமல் அனுப்பினாள். சின்னக் கோப்பு, சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. பாயேருவைக் கூப்பிட்டு, தொடர்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தாள். மெல்பர்னில் மறுநாள் பிறந்திருந்தது. வார்டில் தட்டுகள் உருளும் ஓசை கேட்டது.

"சித்தி, வந்துருச்சு. ஆனா அம்மா தூங்கறாங்க. நேத்து பூரா வலி. இப்பதான் நர்ஸ் ஊசி போட்டாங்க, இப்பதான் கண் மூடுனாங்க. எழுப்பவா?"

மெத்துவா கண்ணை மூடினாள். அக்காவுக்குத் தூக்கம் கிடைப்பதே அபூர்வம் என்று பாயேரு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வேணாம். தூங்கட்டும். முழிச்சதும் போடு. நீ கேட்டியா?"

"இல்ல."

"கேளு. காதுல வச்சுக் கேளு."

பாயேரு காதில் வைத்துக் கேட்டாள். இந்த முனையில் மெத்துவாவுக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

*ஏய் துவாயினே. இது உன் கத்த. நீ வரல, நான் வெட்டிட்டேன், கோவிச்சுக்காத. வந்து வாங்கிக்கோ. அந்தத் துண்டு நெலத்த நேத்து போய்ப் பாத்தேன். பூரா நண்டு. என்னப் பாத்ததும் ஓடுதுங்க, உன்ன மாதிரியே. நண்டுங்களுக்காகவாடி நாம பேசாம இருந்தோம்? வா. வந்து வழக்க நண்டு மேல போடு. நானும் உன்கூட வந்து சாட்சி சொல்றேன்.*

பாயேரு சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. "மாமா இப்படியா பேசுவாரு?"

"இப்படித்தான் பேசுவாரு."

துவாயினே அந்தத் தூக்கத்திலிருந்து விழிக்கவில்லை. அன்று மாலை பாயேரு கூப்பிட்டபோது முதலில் அழுகைதான் வந்தது.

"நான் எழுப்பியிருக்கணுமா சித்தி?"

"எழுப்பாதேன்னு சொன்னது நான்."

"மூச்சு மெதுவானப்போ காதுகிட்ட வச்சுப் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும், சிரித்திருப்பாள், நிம்மதியாகப் போயிருப்பாள். வாழ்நாள் முழுக்க மெத்துவா இரண்டு பக்கமும் சொல்லிவந்த சொற்கள் அவள் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன.

"தெரியலடி, கண்ணு" என்றாள் மெத்துவா. "எனக்குத் தெரியல."