வலப்பக்கம் மேலே

வாசலில் ஐந்து பிணங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.

தேநீர்த் தட்டோடு வந்த அக்கா ஹருயே அலறிய அலறலில் இரண்டு கோப்பை உடைந்தது. "டேய் ரொகுரோ! வந்து பாருடா இந்தக் கண்றாவிய!"

இறந்துபோன மனைவி யசுயோவின் தலைமாட்டில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ரொகுரோ எழுந்து வந்தார். பயப்பட ஒன்றுமில்லை. வந்திருந்தது யசுயோவின் சங்கத்து ஆட்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பைத் தாங்களே நெய்து, சாயம் தோய்த்து, தைத்து உடுத்துகிற கூட்டம். ஊரில் உயிரோடு இருப்பவர்கள் அங்கியின் இடப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவார்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணக்கட்டு. அந்தப் பழைய காலத்திலோ உயிருள்ளவர்களே வலப்பக்கத்தைத்தான் மேலே விட்டார்கள். புதைமேட்டில் கிடைத்த மண்பொம்மைகளைப் பார்த்துவிட்டு யசுயோ இந்தச் செய்தியோடு வீடு திரும்பிய நாளிலிருந்து சண்டைதான்.

"பொணம் மாதிரி கட்டிக்கிட்டு என்கூட வராத" என்பார் இவர். "இது உசிருக்கட்டு. உங்களுக்குச் சொன்னாலும் ஏறாது" என்பாள் அவள். திருவிழாவில் அவள் ஒரு சாரியில் நடந்தால் இவர் எதிர்ச்சாரியில் நடப்பார். உடோன் நூடுல்ஸ் வேகவைக்கும் அண்டாவில் அவள் சாயத்துக்காக மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைத்துவிட, ஒரு வாரம் சிவப்பு உடோன் தின்ற ஆத்திரம் வேறு இவருக்கு. முந்தாநாள் காலையில் அதே அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவள்தான் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

சங்கத் தலைவர் நெகிஷி பல் வைத்தியர். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்பு அங்கியை விரித்தார். "யசுயோம்மா தோய்ச்சது. கழுத்துப்பட்டி மட்டும் பாக்கி இருந்துச்சு, நாங்க தைச்சு முடிச்சுட்டோம். இதத்தான் போடணும்."

ஈமச் சடங்குக்காரர் ஒகாபே, பிணத்துக்கென்று கொண்டுவந்திருந்த வெள்ளை அங்கியை மடித்து ஓரமாக வைத்தார். "வீட்டுக்காரங்க சம்மதிச்சா சரி. வலப்பக்கம் மேல வரணும், அவ்வளவுதான்."

"வலப்பக்கம்தான் மேல. ஆனா அது பொணக்கட்டு இல்ல, பாத்துக்கங்க. அந்தக் காலத்து உசிருக்கட்டு."

"சரிங்க, பொணக்கட்டு."

"இல்லைங்கறேன்!"

"எந்தப் பக்கத்த எதுக்கு மேல விடணும்?"

"நீங்க விடுற மாதிரியேதான்."

"அப்ப நமக்குள்ள என்னங்க தகராறு?"

ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கும் நெகிஷிக்குத் தன் வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து உடுத்திவிட்டார்கள். ஒருவர் பிணத்துக்கு உடுத்தினார், மற்றவர் உயிருக்கு உடுத்தினார். வேலை ஒன்றுதான்.

ஹருயே வந்து குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். "அப்பாடா, செத்த பிறகாவது முறையா கட்டியிருக்கா. உசிரோட இருக்கையில என்னா பிடிவாதம்!"

ரொகுரோவுக்குச் சுருக்கென்றது. இனி வரப்போகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். குருக்கள் சொல்வார், தபால்காரர் சொல்வார். அவர்கள் எல்லோரோடும் இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றவள் இன்றைக்கு ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருக்கிறாள். வாயில்லாத நேரம் பார்த்து அவளைத் தோற்கடிக்கிறார்கள். அவளோடு அதிகம் சண்டை போட்டவர் அவர்தான். ஆனாலும் இந்தத் தோல்வி அவருக்குப் பொறுக்கவில்லை.

வண்டி வந்துவிட்டதாக ஒகாபே சொன்னதும் ரொகுரோ பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தவரைப் பார்த்து ஹருயே நெஞ்சில் கை வைத்தாள். அவர் உடுத்தியிருந்த, அவர்கள் அப்பா விட்டுப்போன கருப்புத் துக்க அங்கியில் வலப்பக்கம் மேலே இருந்தது.

"டேய், மாத்திக் கட்டியிருக்கடா! கை நடுக்கமா? இங்க வா, நான் கட்டிவிடுறேன்."

"சரியாத்தான்க்கா கட்டியிருக்கேன்."

"நீ என்ன செத்தா போயிட்ட?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்குடா இந்தக் கட்டு?"

"உசிரோட இருக்கறவங்க இப்படியும் கட்டுவாங்க. அவ எத்தனை தடவ சொல்லியிருக்கா."

"ஊரு சிரிக்கும்டா!"

"சிரிக்கட்டும். என்னைப் பாத்துட்டு அவளையும் ஒருவாட்டி பாக்கட்டும்."

"ஆனா கருப்பு அந்தக் காலத்துல..." என்று தொடங்கிய நெகிஷி, பாதியில் நிறுத்திக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

தெருவின் இரு பக்கமும் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். ஒகாபே யசுயோவின் படத்தை ரொகுரோவின் கையில் கொடுத்து, "மார்போட அணைச்சுப் பிடிங்க, அதான் வழக்கம்" என்று காதோரம் சொன்னார்.

ரொகுரோ படத்தை வாங்கினார். மார்பின் மடிப்பு மறையாதபடி கீழே இறக்கி, வயிற்றருகே பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.