அனுதாபச் சீட்டு

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் மீட்டிங் ரூம் என்று ஒன்று இருந்தது. அங்கே மீட்டிங் மட்டும்தான் நடக்காது. மேஜை முழுக்க ஓர் அட்டைக் கட்டடம் பரப்பிக் கிடக்கும். பன்னிரண்டு மாடி, ஒரே ஒரு லிஃப்ட், குடித்தனக்காரர்களாகச் சட்டைப் பட்டன்கள், தீப்பெட்டி அளவில் கட்டிலும் பீரோவும். வாடிக்கையாளர் யாராவது வந்தால் வாசல் சோபாவில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். ஒரு கம்பெனிமேல் மரியாதை வர வேறென்ன வேண்டும்?

அட்டைக் கட்டடம் தம்பிக்காரன் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டு. நாலு பேர் ஒரே நாளில் குடிவருகிறார்கள். எல்லாருக்கும் சாமான் ஏற்ற வேண்டும், லிஃப்ட் ஒன்றுதான். யார் வீடு முதலில் நிரம்புகிறதோ அவருக்கு வெற்றி. உங்கள் மாடியில் நிற்காமல் லிஃப்ட் தாண்டிப் போனால் உங்களுக்கு ஓர் அனுதாபச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டை வீசி, பிறகு எப்போதாவது லிஃப்டை உங்கள் வாசலில் வம்படியாக நிறுத்தலாம். நாற்பதை எட்டிப் பார்க்கிற ஆள், கையில் ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக இதில்தான் மண்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தான். கேட்டால் ஆராய்ச்சி என்பான்.

அக்காக்காரிக்கு மூன்று வேலை. வாடிக்கையாளரைப் பிடிப்பது, பிடித்தவர் ஓடிவிடாமல் பார்ப்பது, தம்பி சொதப்பியதற்கு மன்னிப்புக் கேட்பது. மூன்றாவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கோபக்காரருக்கு ஒரு குரல், அழுதுவடிகிறவருக்கு ஒரு குரல், பேசாமல் முறைப்பவருக்கு இன்னொரு குரல் என்று வைத்திருந்தாள்.

விளையாட்டுகளை அச்சடித்து விற்கும் ஒரு பதிப்பாளர் அம்மா, அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கே தம்பிக்காரன் அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டான். "அவங்க வேணாம்னுட்டா பெட்டியைக் கட்டிப் பரண்ல போட்டுடறேன்க்கா. அப்புறம் முழு நேரமும் ஆபீஸ் வேலைதான்." அக்கா அதை நம்பவில்லை. ஆனால் மறக்கவும் மாட்டாள். அவன் வாழ்க்கையில் இந்த ஒரு விஷயம்தான் அவனே விரும்பி ஆரம்பித்தது. சனிக்கிழமை போச்சென்றால் எல்லாம் போச்சு.

இந்த நிலையில்தான் கட்டில் மெத்தைக் கடைக்காரர் உள்ளே வந்தார்.

அந்த மனிதருக்கு ஆபீசில் 'இன்னொண்ணு' என்று பெயர். போனை வைக்கப் போகும்போது "இன்னொண்ணு" என்பார், பிறகு அரை மணி நேரம் பேசுவார். அவருடைய கடைக்கு வெப்சைட் செய்வதற்குள் ஆபீசில் பாதிப் பேர் உயிரை விட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் 'படங்கள்' என்று எழுதியிருந்தால், எத்தனை படம் என்று எழுதவில்லையே என்று கேட்கிற ஆள். ஒருநாள் சோபா முழுக்கப் பார்சல் அடைத்திருந்ததால் அவரை மீட்டிங் ரூமில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அக்கா வேறொருவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர் பட்டனைத் தொட்டுவிட்டார்.

"இது என்ன தம்பி?"

தம்பிக்காரன் சொன்னான். டிசைனரையும் கணக்குப் பெண்ணையும் கூப்பிட்டு நாலு பேராக உட்கார்ந்தார்கள். மெத்தைக்காரர் முதலில் ஒரு கட்டிலைக்கூட ஏற்றவில்லை. முதல் மாடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, லிஃப்ட் தாண்டும்போதெல்லாம் "ஐயோ, என்னை விட்டுட்டுப் போறாங்களே" என்று சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். கட்டுக் கட்டாகச் சேர்ந்ததும் லிஃப்டைத் தன் வாசலிலேயே நிறுத்திவைத்து, மற்ற மூன்று பேரும் வாயைப் பிளக்க, வீட்டை நிரப்பிவிட்டார்.

"உங்க வெளையாட்டுல வேலை செய்யறவன் தோக்கறான், பொலம்பறவன் ஜெயிக்கிறான்" என்றார். "எங்க மாமனார் வீடு மாதிரியே இருக்கு."

தம்பிக்காரனுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு வருஷமாக ஆபீஸ் ஆட்கள் ஆடியிருக்கிறார்கள். ஒருவராவது இந்த ஓட்டையைச் சொன்னார்களா? சம்பள உயர்வு அவன் கையில் இருக்கும்போது எவன் சொல்வான்? எல்லாரும் ஒழுங்காகப் பீரோ ஏற்றி, ஒழுங்காகத் தோற்று, "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்கள்.

அன்றிலிருந்து மெத்தைக்காரர் புகார் சொல்ல வரும்போதெல்லாம் ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் அவர் அடுத்ததைக் கண்டுபிடிப்பார். கட்டிலைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து லிஃப்ட் கதவை மூடவிடாமல் செய்தார். "தப்புன்னு எங்க எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்றார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விளையாட்டு நாளுக்கு நாள் தேறியது. கேடு என்னவென்றால், வெப்சைட்டும் தேறிவிட்டது. ஒருநாள் அவர் எழுந்து கைகுலுக்கினார். "எல்லாம் சரியாயிடுச்சு. இனி இந்தப் பக்கம் எனக்கு வேலை இல்ல."

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. லிஃப்ட் கதவுக்காகப் புதிதாக எழுதிய விதியை இன்னும் யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு தம்பிக்காரன் வெப்சைட்டைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினான். தலையணை என்று தேடினால் இப்போது கட்டில் வந்தது.

விளையாட வாங்க சார் என்று நேராகக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாடிக்கையாளரைப் போய் அப்படிக் கூப்பிட அவனுக்கு வெட்கம். வெட்கம் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அக்காவின் போனில் மெத்தைக்காரர் வெடித்தார். அக்கா மன்னிப்புக் கேட்டாள். அவர் நேரில் வந்தார், கத்தினார், பிறகு மீட்டிங் ரூமுக்குப் போய் ஆடினார். கதவு விதி உடைந்தது. தம்பிக்காரன் அதைச் சரி செய்துவிட்டு, மறுபடி அவரை வரவழைக்க, டெலிவரி தேதி ஆர்டர் கொடுத்ததற்கு முந்தைய நாளாக வரும்படி செய்தான். அதற்கும் போன், அதற்கும் மன்னிப்பு. மூன்றாவதாக, ருசி கண்டுவிட்டதால், வரைபடத்தில் அவருடைய கடையை ஏரிக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தான்.

ஏரியில்தான் மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை அக்கா போனோடு விடவில்லை. நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குக் கிளம்பிப் போனாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கடையை ஏரியில வச்சது யாரு?"

தம்பிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அது வந்து..."

"அவர் என்ன சொல்றாருன்னு கேளு. 'அவனைத் திட்டாதீங்கம்மா. நான் வரணும்னுதான் பண்றான், ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு'ங்கறாரு. தெரிஞ்சும் எதுக்கு சார் என்னைப் போட்டு அந்தக் கத்து கத்துனீங்கன்னேன். 'கத்தாம சும்மா வந்தா, இந்தாளுக்குக் கடையில வேலை இல்ல போலன்னு நெனச்சுடுவீங்களே'ங்கறாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்தும் அடங்கவில்லை.

"சிரி. நல்லா சிரி. நீங்க ரெண்டு பேரும் வெளையாடுனீங்க. நான் நடுவுல நின்னு மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு கேட்டேன்டா. நம்ம ஆளுங்க யாரோ கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நம்பி, நெஜமாவே வருத்தப்பட்டுக் கேட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் குரல் உடைந்து அவன் கேட்டதே இல்லை. மன்னிப்புக்கு அத்தனை குரல் வைத்திருந்தவளிடம் தனக்கென்று ஒரு குரல் இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றியதில்லை. அவமானமாக இருந்தது, காது மடல்வரை சுட்டது.

"நாளைக்குப் போகலக்கா. அந்த அம்மாகிட்ட வரலேன்னு சொல்லிடறேன்."

"பெரிய தியாகி. மொதல்ல போய் அந்த மனுஷனை ஏரியிலேர்ந்து வெளிய எடு."

போய் எடுத்தான். கடைக்காரருக்குத் தானே போன் போட்டு, நாக்கு குழறக் குழற மன்னிப்புக் கேட்டான். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது அக்கா மீட்டிங் ரூமில் உட்கார்ந்து விதிகள் எழுதிய தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு குட்டிப் பீரோ.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் கூப்பிட்டு ஆடச் சொன்ன. கூரியர்காரர்கூட ஆடியிருக்காரு. என்னை ஒரு தடவை கூப்பிட்டியாடா?"

வேறு சமயமாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பான். இப்போது அதற்குத் தெம்பில்லை.

"மத்தவங்க நல்லா இல்லேன்னா சரி பண்ணிடுவேன். நீ சொல்லிட்டா, அப்புறம் என்னால இதைத் தொடவே முடியாதுக்கா. அந்தப் பயம்."

அக்கா நாற்காலியைக் காலால் தள்ளினாள். "உக்காரு. ஆளுக்கு ரெண்டு வீடு."

ஆடினார்கள். அக்கா வேகமாக ஆடினாள். லிஃப்டை யாருக்கும் விடவில்லை, தன்னுடைய இரண்டு வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டினாள். முடிந்ததும் பீரோவை மேஜைமேல் வைத்தாள்.

"நல்லா இல்ல."

அவன் காத்திருந்தான். இடி எதுவும் விழவில்லை.

"நடுவுல கொட்டாவி வருது. எட்டாவது மாடிக்கு மேல ஒருத்தரும் போகவே இல்ல. எதுக்கு பன்னெண்டு மாடி? வாடகை வருதா?"

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து வரைந்த நாலு மாடியை ஒரே வெட்டில் வெட்டினான். மறுபடி ஆடினார்கள். அக்கா தோற்றாள், ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு ஆட்டம் கேட்டாள். நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை, இரண்டாவது மாடியில், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஓர் அறையில் பதிப்பாளர் அம்மாவும் அவளுடைய கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரும் எதிரே உட்கார்ந்தார்கள். ஸ்டோர்காரர் ரசித்து ஆடினார். பதிப்பாளர் அம்மா போனைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். அவளுடைய முறை வரும்போதெல்லாம் யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பாதியில் பட்டனைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா எங்களுக்கு ஒத்துவராது. லிஃப்ட், வீடு மாத்தறது, இதையெல்லாம் யாரு வெளையாடுவாங்க?"

தம்பிக்காரன் நன்றி சொன்னான். சாமான்களைப் பெட்டியில் அடுக்கினான். ஒரு கட்டில் கீழே விழுந்து உருண்டது, ஸ்டோர்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். படியிறங்கி வந்து காரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். அக்கா சாவியைப் போட்டாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

"அவ சீட்டைத் தலைகீழா பிடிச்சிருந்தா. பாத்தியா நீ?"

"பரவால்லக்கா."

"என்ன பரவால்ல? கடைசிவரைக்கும் தலைகீழாத்தான் பிடிச்சிருந்தா. அவளுக்கு எது தன்னோட வீடுன்னே தெரியல. இவ நல்லாயிருக்கு, நல்லா இல்லேன்னு சொல்ல வந்துட்டா."

"நீயும் நேத்து நல்லா இல்லேன்னுதானே சொன்ன?"

"நான் சொல்லலாம். அவ யாருடா சொல்றதுக்கு?"

"விட்டுடுக்கா. சொன்னபடி பரண்ல போட்டுடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து..."

"வாயை மூடு." அக்கா சாவியை உருவினாள். "கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து உனக்காக ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கேன். ஒரே ஒரு தடவை உனக்காகச் சண்டை போட்டுக்கறேனே. பெட்டியைக் குடு."

அவன் கொடுக்கவில்லை. அவளே மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் விறுவிறுவென்று போனாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கக் கதவையும் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினான். முதல் மாடிப் படியில் ஏறும்போதே மேலேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.