மூன்றாவது தண்டு

தேவராசாவுக்கு விளங்கவேயில்லை. லேத்தில் ஆடாமல் அசையாமல் சுழன்ற தண்டு, தோட்டம் செய்யும் சிவக்கொழுந்தின் தண்ணீர் இறைப்பு மிசினில் பூட்டியதும் ஏன் கோணலாகச் சுழல்கிறது? ஒன்றல்ல, இரண்டு தண்டுகள். இரண்டும் கொக்குவிலில் அவனது பட்டறையில் கடைந்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து உறுதியாக்கியவை.

"கோட்டையிலையிருந்து ஆமி அடிக்கிற ஷெல்லின்ரை அதிர்விலை வளைஞ்சிருக்கும். இல்லாட்டி நீங்கள் பூட்டத் தெரியாமல் பூட்டியிருப்பியள்" என்று நாலு பேருக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டான். அது எண்பத்தாறாம் ஆண்டு. எந்தப் பிழையையும் ஷெல்லின் தலையில் கட்டிவிடலாம்.

அவன் கடைந்து கொடுத்த மூன்றாவது தண்டை அவள் பூட்டவேயில்லை. அவன் சுற்றிக் கொடுத்த கடதாசியோடு மறுநாள் காலமை பட்டறைக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தம்பி, இதை உந்த மேசைக் கண்ணாடியிலை உருட்டுங்கோ."

உருட்டினான். தண்டு நொண்டி நொண்டி உருண்டது.

"ஷெல் கடதாசிக்குள்ளையும் விழுந்ததோ?" என்றார் அவளின் பக்கத்துத் தோட்டக்காரர் முத்துக்குமாரு. நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வெங்காயம் தண்ணியில்லாமல் இன்னும் நாலு நாள்தான் தாங்கும்" என்றாள்.

தேவராசாவின் காது சுட்டது. தோய்த்த பிறகு தண்டை அவன் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அது அவனுக்கு மட்டுமே தெரியும்.

நாலாவதைக் கடைந்து, ஒவ்வொரு படியிலும் பார்த்தான். கடைந்ததும் நேர். தணலிலிருந்து எடுத்தபோதும் நேர். தொட்டியில் போட்டு எடுத்தால் கோணல்!

மண்வெட்டி தோய்க்கக் கட்டிய ஆழமில்லாத தொட்டி அது. ஒன்றரை அடித் தண்டை அதில் கிடையாகத்தான் போடலாம். அப்போது கீழ்ப்பக்கம் முதலில் தண்ணீரைத் தொட்டுச் சுருங்கி இறுகுகிறது. மேற்பக்கம் இன்னும் சிவப்பு, இன்னும் இளக்கம். இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கிறது. அது பிறகு ஆறும்போது கீழ்ப்பக்கம் விறைத்துப்போயிருக்கும். தண்டு பழைய நேருக்குத் திரும்ப வழியில்லை.

மூன்றாம் நாள் ஐந்தாவது தண்டோடு தோட்டத்துக்குப் போய்த் தானே பூட்டினான். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

"அப்ப என்ன பிழை, தம்பி?"

முத்துக்குமாரு வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேவராசா நிலத்தைப் பார்த்தபடி, அவருக்கும் கேட்கட்டும் என்று உரத்தே சொன்னான்.

"ஷெல்லுமில்லை, நீங்களுமில்லை அக்கா. பிழை என்ரை. நான் கிடையாய்த் தோய்ச்சுப்போட்டன். இப்ப மூன்றடிக் குழாயின்ரை அடியை அடைச்சு, ஒயில் நிரப்பி, தண்டைக் கம்பியிலை கட்டிச் செங்குத்தாய் இறக்கினன். ஒயில் தண்ணியைவிட மெள்ள ஆத்தும். சுத்திவரவும் ஒரேயடியாய் ஆறினால் தண்டு வளையாது."