நான்காவது பிஸ்டன்

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அக்காளின் காருக்கு மெக்கானிக் தம்பி புதிதாக ஓர் எஞ்சின் கோத்துக் கொடுத்திருந்தான். அதன் அடிப்பாகம் ஒரு காருடையது. நான்கு பிஸ்டன்களும் வேறு இரண்டு கார்களில் கழற்றியவை. அளவு ஒத்திருந்தும் எடை ஒத்திராத பிஸ்டன்களால் வண்டி குலுங்கும். ஆகையால் அவற்றை அக்காளின் மின்தராசில் நிறுத்து, கனத்தவற்றை உட்புறமாக அராவி, ஒரே எடைக்குக் கொண்டுவந்தான்.

ஆயினும் வண்டி குலுங்கிற்று. அவள் கேக் கொடுக்கும் ஓட்டலை அடைவதற்குள் மூன்றடுக்குக் கேக் நடுவே பிளந்துபோயிற்று. "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்மா" என்று ஓட்டல் மேலாளர் சொல்லியனுப்பினார். அவ்வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு வாடிக்கையால்தான்.

"பிரிச்சுப் பாக்கறேன்க்கா. பிடிபடலைன்னா எடைக்குப் போட்டுடலாம்" என்றான் தம்பி.

"அதைத்தானடா நாள் பூரா போட்டுக்கிட்டிருந்த!"

பிஸ்டன்களைக் கழற்றி, சமையலறை மேசையில் மறுபடியும் நிறுத்தான். மூன்று பிஸ்டன்கள் ஒத்திருந்தன. நான்காவது பதினெட்டுக் கிராம் குறைவாக இருந்தது.

"அன்னிக்கு நாலும் ஒண்ணாத்தானே காட்டுச்சு! தராசு கெட்டுப்போச்சா?"

"என் தராசைக் குறை சொல்லாத. என்னிக்காவது என் கேக் பொங்காமப் போயிருக்கா?" என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தராசில் கறை படியக்கூடாதென்று அன்று ஒரு டப்பா மூடியை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூச்சியத்தில் நிறுத்தியவள் அவளே. மூன்று பிஸ்டன்கள் அம்மூடியில் ஏறி இறங்கின. அதற்குள் மாவு டப்பாவை மூட வேண்டியிருந்ததால், அதை எடுத்துக்கொண்டு வேறொரு மூடியை வைத்துவிட்டாள்.

"மூடிதானே, எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சேன்டா."

இரண்டு மூடிகளையும் நிறுத்தார்கள். பிறகு வைத்த மூடி அதே பதினெட்டுக் கிராம் கூடுதல். மூடியின் கனத்தைத் தம்பி பிஸ்டனிலிருந்து அராவித் தள்ளியிருக்கிறான்!

அவன் தரையில் அமர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"திட்டணும்னா திட்டிடு" என்றாள்.

"எதுக்குக்கா? கத்துக்கிட்ட தொழிலே மறந்துபோச்சோன்னு பயந்து கெடந்தேன். இப்பத்தான் மூச்சே வருது. மத்த மூணையும் கொஞ்சம் இளைக்க வெச்சாத் தீந்துச்சு."

"அந்த வைத்தியம் எனக்கும் பண்ணேன்."

மூன்றையும் நான்காவதன் எடைக்கு அராவினான். இம்முறை தராசில் மூடியே இல்லை. கறை படிந்தால் படியட்டும் என்றுவிட்டாள் அக்காள்.

அடுத்த கேக்கை மடியில் அணைத்தபடி அவள் காரில் ஏறினாள். முதல் சிக்னலில் வண்டி நின்றதும் பதறினாள்.

"ஏன்டா எஞ்சினை அணைச்ச?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. நல்லாக் கேளு."

காது கொடுத்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஓட்டல் வாசலில் மேலாளர் அவள் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, கேக்கை நான்கு புறமும் பார்த்தார். பின்னர் உள்ளே தூக்கிச் செல்ல ஆளைக் கூப்பிட்டார்.

அக்காள் இறங்கவில்லை. "கொஞ்சம் இருடா, கையெல்லாம் நடுங்குது."

"இந்த வண்டியில இப்ப நடுங்கறது நீ மட்டுந்தான்" என்றான் தம்பி. அவன் தோளில் ஓர் அடி விழுந்தது.